இன்ஜின் கோளாறுக்கு யார் பணம் கட்டுவது?

கார் வச்சிருக்கிறவங்களுக்காக இன்னிக்கு ஒரே ஒரு விஷயம் பேசப் போறேன்.

இன்ஜின்ல சத்தம் வருது, ஆயில் சீக்கிரம் குறையுது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போறீங்க. "இந்த மாடல்ல இது வர்றதுதான் சார்" என்று சொல்லிப் பெரிய பில்லாக நீட்டுகிறார்கள். நாமும் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒரு வரியைக் கவனிச்சீங்களா? பல வண்டிகளில் ஒரே கோளாறு வருகிறது என்றால், அது ஓட்டியவரின் தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. தயாரிப்பிலேயே குறை இருக்கலாம். ஆனா வாயால சொன்னது நாளைக்கு நிக்காது. என்ன கோளாறு, எந்தப் பாகம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும். கழற்றிய பாகத்தை போனில் படம் எடுங்கள். பில்லையும் படம் எடுத்து வையுங்கள், அச்சு மங்கிவிடும்.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களின் 'தீட்டா 2' இன்ஜினில் இப்படித்தான் நடந்தது. தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள் ஆயில் போகும் வழியை அடைத்து, பேரிங் தேய்ந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றது. 2015-ல் ரீகால் தொடங்கியது. பிறகு வந்த வழக்குச் சமரசத்தில், முன்பே சொந்தப் பணத்தில் பழுது பார்த்தவர்களும் பில்லைக் காட்டித் தொகை கேட்க முடிந்தது.

நம்ம ஊர்ல வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறையைச் சரிசெய்து தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். எதைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் "முழு கார் விலையும் வேணும்" என்போம். மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. என் கணிப்பில், கட்டிய பழுதுச் செலவைக் கேட்பதே உறுதியான கோரிக்கை.

முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை. நிறுவனத்திடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீரவில்லையா, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போனிலிருந்தே மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையமே போதும், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கோளாறு தெரிந்த நாளிலிருந்து 2 வருஷம்தான் கெடு. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார்" என்று அவர்கள் தள்ளும் ஒவ்வொரு மாதமும் அதில்தான் கழிகிறது.