அரைக்கால் ஆள்: தேசவழமையில் குடும்பச் சொத்தும் அடிமையும்



திருகோணமலை உப்புவெளியில் ஒரு துண்டுக் காணியை எழுத நொத்தாரிசிடம் போனவர்களுக்குத் தெரியும். எல்லை, விஸ்தீரணம், விலை எல்லாம் கேட்டு முடித்தபின் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “சொந்த இடம் எது?” என்பார். யாழ்ப்பாணம் என்றால், “அப்ப தேசவழமை பாக்கவேணும்” என்று ஒரு பெருமூச்சு வரும். விற்பவர் மணமான பெண் என்றால் கணவனின் சம்மத ஒப்பம் இல்லாமல் வேலை நடக்காது. அந்த வழமை ஆளோடு கூட வருமா, ஊரோடு நின்றுவிடுமா என்பது நீதிமன்றங்களில் தலைமுறை தலைமுறையாக வாதாடப்பட்ட கேள்வி. குடும்பச் சொத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த உரைக்கு அழைத்த அறக்கட்டளையார் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பெருமூச்சுத்தான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எழுத்துக்கு வந்தது ஒல்லாந்தர் காலத்தில். ஆளுநர் கோர்னேலிஸ் சிமோன்ஸ் கேட்டுக்கொள்ள, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் கொடுத்தார். யான் பீறுஸ் அதைத் தமிழாக்கினார். 12 முதலிமார் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் வந்து 1806இல் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதைச் சட்டமாக்கினார்கள். சரி என்று ஒப்பமிட்ட முதலிமார் காணியும் ஆளும் வைத்திருந்த வர்க்கத்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அந்த வழமையில் சொத்து மூன்று பெயரில் ஓடும். தகப்பன்வழி வந்தது முதுசொம். பெண் கொண்டுவந்தது சீதனம். தம்பதிகள் சேர்த்தது தேடியதேட்டம். பழைய முறையில் முதுசொம் மகன்களுக்கு, தாயின் சீதனம் மகள்களுக்கு. கலியாணத்துக்கு முன் மகன் உழைத்ததெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தில் விழுந்துவிடும். அவன் போட்டிருந்த பொன் வெள்ளி ஆபரணம் மட்டும் அவனுக்கு மிச்சம். பெற்றோர் ஒன்றும் விட்டுவைக்காமல் போனாலும் கடன் மட்டும் மகன்களின் தலையில். ஆண்பிள்ளைக்கே சொத்தெல்லாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை எடுத்து வளர்ப்பதற்கு ஒரு சடங்கு சொல்லியிருக்கிறது. எடுப்பவர்கள் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு முன், சொத்துக்கு உரித்தாளிகளாக வரக்கூடிய உறவினர்கள் அந்தத் தண்ணீரில் விரலை நனைத்துச் சம்மதம் காட்ட வேண்டும். நனைத்தவருக்கு இனிப் பங்கு இல்லை. நனைக்காதவரின் உரித்து அப்படியே நிற்கும். சாட்சிக் கையொப்பத்தை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. விரல் ஈரமா இல்லையா என்பதை எழுத்தறியாதவனும் பார்க்கலாம். ஒருவருடைய உரித்தை அவரைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பதில் அந்தச் சமூகம் அவ்வளவு கவனமாக இருந்தது.

அதே தொகுப்பில், அதே மொழியில், அடிமைகளைப் பற்றிய பகுதி வருகிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு வகுப்பைச் சொல்கிறது. இவர்களில் பலர் பரவணியாக வீட்டோடும் தோட்டத்தோடும் கட்டுண்டவர்கள். பஞ்சத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தோணியேறி வந்து விலைப்பட்டவர்களும் உண்டு. 1694 தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் அப்படி இலங்கைக்கு வந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல். புகையிலைக்கு இறைக்கவும், துலா மிதிக்கவும், வயலை உழவும், வீட்டில் நெல்லுக் குத்தவும் ஆள் வேண்டும். ஆள் இல்லாத காணி வெறும் மண். அதனால் காணியைப் பங்கிடும்போது ஆளையும் பங்கிட்டார்கள்.

எப்படிப் பங்கிடுவது? காணியென்றால் வேலி போடலாம். பனையென்றால் எண்ணலாம். கிணற்றைப் பிளக்க முடியாது. அதனால்தான் இன்றைக்கும் யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு என்று எழுதுகிறோம். என் தாய்வழிக் காணியின் உறுதியில் கிணற்றில் பதினாறில் ஒன்று, அதாவது ஒரு வீசம், எங்களுக்கு. அதற்கேற்ப இறைப்பு முறை. மனிதரையும் இந்தக் கிணற்றுக் கணக்கில்தான் வைத்தார்கள். பாட்டனிடம் இருந்த ஒருவர் இரண்டு மகன்மாருக்கு அரை அரையாக, அவர்களின் பிள்ளைகளுக்குக் கால் காலாக, அடுத்த தலைமுறையில் அரைக்காலாக. ஒருவருக்கு எட்டு எசமான்கள். திங்கட்கிழமை யாருடைய தோட்டத்தில் இறைப்பது? காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி ஊற்றுவது? விசுவாசமாக உழைத்தவர் என்று ஒரு பங்காளி மனம் இரங்கி விடுதலை கொடுத்தால், விடுதலையாவது எட்டில் ஒரு பங்கு. மற்ற ஏழு பங்கும் அடிமை. அடிமையை விடுவிக்க நினைப்பவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிற்பற்றுத் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒல்லாந்தர் காலத்து வழமை சொல்வது இதற்காகத்தான். உரித்து உள்ளவர் யாரும் இருந்தால் வந்து மறுக்கட்டும் என்று கேட்கும் அறிவிப்பு அது. விடுபடப் போகிறவரை நோக்கிச் சொன்னதல்ல. அவருக்கு அதில் உரித்து இல்லையே.

1818இன் 9ஆம் இலக்கப் பிரமாணம் அடிமைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. கூட்டாக ஒருவரை உடைமை கொள்ளும் முறையையும் அது ஒழித்தது. சட்டம் போட்டு ஒழிக்க வேண்டிய அளவுக்கு அரைக்கால் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

தமிழருக்கு ஆளை உடைமையாக எழுதுவது புதுக் கதை அல்ல. பெரியபுராணத்தில், திருமணப் பந்தலில் சுந்தரரை மறித்த, கிழவர் வேடத்தில் வந்த சிவன் கொண்டுவந்ததும் ஆளோலைதான். பாட்டன் எழுதிக் கொடுத்தான், அவனும் அவன் மரபினரும் எனக்கு வழியடிமை என்பது வழக்கு. சுந்தரர் பிடுங்கிக் கிழித்தது படியோலை என்கிறார் கிழவர். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளியே வருகிறது. பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நாம் பக்தியில் உருகிக் கேட்கிறோம். உருகுங்கள், நானும் உருகுகிறேன். ஆனால் பாட்டன் இட்ட கையொப்பம் பேரனைக் கட்டுமா என்ற கேள்வி அந்தச் சபையில் எடுபடவில்லை என்பதையும் கவனியுங்கள். கட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேசவழமை பெண்வழியை மதித்தது, சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். அடிமையும் தாய்வழியாகத்தான் போனது. அடிமைப் பெண்ணின் பிள்ளை யாருடையது என்றால் அந்தப் பெண்ணின் எசமானுடையது. தகப்பன் வேறொருவருடைய அடிமையாக இருந்தாலும் கணக்கில் வரமாட்டான். ஒரே வீட்டில் இரண்டு தாய்மார். முன்விறாந்தையில் இருப்பவளின் வயிற்றில் பிறந்த மகளுக்குத் தோட்டமும் கிணற்றுப் பங்கும் வெண்கலச் சாமானும். பின்கோடியில் இருப்பவளின் வயிற்றில் பிறந்த மகள் அந்தச் சாமான்களோடு ஒரு சாமானாகக் கலியாண வீட்டுக்குப் போவாள். தாய்க்கும் மகளுக்கும் இடையே வழமை போட்ட ஒரே கயிறு, ஒருத்தியை ஏற்றிவிட்டது, மற்றவளைக் கட்டிப்போட்டது. சீதனமாகப் போன பெண்ணைப் பிரிந்த தாய்க்கு மஞ்சள் தண்ணீரில் நனைக்க விரல் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் இதைக் கணக்காகவே புரிந்துகொண்டார்கள். 1821இன் பிரமாணம் பெண்குழந்தைகளைக் குறிவைத்தது. இனிப் பிறக்கும் கோவிய, நளவ, பள்ளப் பெண்குழந்தைக்கு அரசாங்கம் எசமானுக்குச் சில இறைசால் நாணயம் கொடுத்து விடுதலை வாங்கும். ஆண்குழந்தை பற்றிக் கவலை இல்லை. பெண்கள் விடுபட்டால் அடுத்த தலைமுறையில் அடிமை பிறக்காது. மலிவான வழி, கெட்டிக்காரத்தனமான வழியும்கூட. பிறந்து நாள் ஆகாத குழந்தையின் விலையை ஒரு குமாஸ்தா பேரேட்டில் எழுதும் காட்சியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. கடைசியாக 1844இன் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கை முழுவதும் அடிமையை இல்லாமல் செய்தது. இந்தியாவில் முந்திய வருடந்தான் நீதிமன்றங்கள் அடிமை உரித்தை ஏற்கக் கூடாது என்று சட்டமாகியிருந்தது.

பிறகு என்ன நடந்தது? தேசவழமையின் அடிமைப் பகுதி செத்தது. சொத்துப் பகுதி உயிரோடு இருந்தது. 1911இலும் 1947இலும் திருத்தினார்கள். முதுசொம், சீதனம், தேட்டம் என்ற சொற்கள் நொத்தாரிசின் மேசையில் இன்றும் புரள்கின்றன. விடுதலையானவர்களுக்கு முதுசொம் என்று ஒன்று இல்லை. நேற்றுவரை சொத்தாக இருந்தவருக்குச் சொத்து எங்கிருந்து வரும்? அதே வளவின் மூலையில் குடியிருந்தார்கள். அடிமை என்ற சொல் போய், வளவுக்காரருக்கு ஊழியம் செய்யும் குடிமை என்ற சொல் நின்றது.

எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். சிறுவயதில் அங்கே போகும்போது, வேலிக்கு வெளியே இரண்டு மூன்று பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்பார்கள். அம்மம்மா கை ஓய்ந்த நேரத்தில் ஊற்றுவார். அந்தக் கிணற்றை வெட்டிக் கல் கட்டியது அவர்களின் ஆட்கள்தான் என்று, ஏதோ அதிசயம் சொல்வதுபோல, அவரே ஒருநாள் எனக்குச் சொன்னார்.

அண்மையில் அந்தக் காணிக்குப் பங்கு வழக்கு வைத்தோம். பதினாறு பங்காளிகள், பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். அளவைக்காரர் வந்து சங்கிலி பிடித்தார். சட்டப்படி காணியில் அறிவித்தல் ஒட்டினார்கள், பறையும் தட்டினார்கள், உரித்துக் கோருவோர் யாரும் இருந்தால் வரட்டும் என்று. எவரும் வரவில்லை. இவர்களைத் தவிர வேறு உரித்தாளிகள் உண்டா என்று சட்டத்தரணி என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் நீட்டிய கடதாசியில் ஒப்பமிட்டேன்.