பங்கிம் சந்திரரும் தாய்மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சரித்திர நவீன ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கல்கியைப் பற்றிய பேச்சையே அன்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். கல்கியை நாம் நன்கு அறிவோம். ஆனால் நமக்குச் சோறிடும் இந்த வங்கநாடு ஈன்ற பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரை, 'வந்தே மாதரம்' பாடலின் ஆசிரியர் என்பதற்கு மேல் நம்மில் பலர் அறியோம். ஆதலின் அவரைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கக் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் போகாதவர் நம்முள் இலர். அங்கே காபி ஹவுஸ் இருக்கும் தெருவிற்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டுள்ளது. சியால்தாவில் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நைஹாட்டி வந்துவிடும். அந்த நிலையத்திற்கு அருகிலுள்ள காண்டல்பாடாவில் 1838 ஜூன் மாதத்தில் அவர் பிறந்தார். அவர் குடும்பத்தின் இல்லம் இன்று ஆராய்ச்சி நிலையமாகவும் காட்சிசாலையாகவும் விளங்குகின்றது.

1858-ஆம் ஆண்டில் கல்கத்தா சர்வகலாசாலை நடத்திய முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர் இருவரே. ஒருவர் பங்கிம் சந்திரர். மற்றவர் ஜதுநாத் போஸ். அவ்விருவரும் ஒரு பாடத்தில் சலுகை மதிப்பெண் பெற்றே தேறினர் என்பதை, பிள்ளைகளின் மதிப்பெண் கண்டு மனம் வாடும் பெற்றோர் நினைவிற் கொள்க! அவ்வாண்டே டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்தது. 1891-இல் ஓய்வு பெறும் வரை 33 ஆண்டுகள் ஊர் ஊராக மாற்றலாகி, வழக்குகளுக்கும் கோப்புகளுக்கும் இடையே எழுதியவர் அவர். பகரம்பூரில் 1873-இல் டஃபின் என்னும் வெள்ளைக்கார ராணுவ அதிகாரி அவரைக் கைநீட்டி அடித்தபோது, வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தில் பலர் முன்னிலையில் அவ்வதிகாரியை மன்னிப்புக் கேட்க வைத்தார். உத்தியோகத்திற்காகத் தன்மானத்தை விற்றவர் அல்லர்.

அவர் எழுதிய முதல் நவீனம் வங்கமொழியில் அமைந்ததன்று. 'ராஜ்மோகனின் மனைவி' என்னும் அக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். 1864-இல் 'இந்தியன் ஃபீல்டு' என்ற வார இதழில் அது வெளிவந்தது. ஆங்கிலம் அறிந்தோர் சிலர் படித்தனர், பின்னர் மறந்தனர். அவர் மறைந்து 41 ஆண்டுகள் கழித்து, 1935-இல்தான் அது புத்தக உருப்பெற்றது. மறு ஆண்டே, 1865-இல், வங்கமொழியில் 'துர்கேசநந்தினி' என்ற நவீனத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. அதன் பின் அவர் ஆங்கிலத்தில் கதை எழுதிப் புகழ் தேட முயலவில்லை.

மொகலாயரும் பட்டாணியரும் போரிட்ட காலத்துக் கதை அது. விஷ்ணுபுரத்திலிருந்து மாந்தாரணம் செல்லும் பாதையில் தனியே குதிரை ஏறி வரும் வீரனோடு கதை தொடங்குகின்றது. அவன் மான்சிங்கின் மகன் ஜகத்சிங். புயலில் சிக்கி ஒரு கோயிலில் ஒதுங்குகின்றான். அங்கே திலோத்தமையைக் காண்கின்றான். பகைவர் கோட்டையில் காயமுற்றுக் கிடந்த அவனுக்குப் பணிவிடை செய்து காப்பாற்றும் பட்டாணி நவாபின் மகள் ஆயிஷாவை, படித்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

அக்காலத்தில் வங்க உரைநடையில் இரு போக்குகள் இருந்தன. ஒன்று வடமொழி மிகுந்த புலவர் நடை. மற்றொன்று பியாரி சந்த் மித்திரர் 1858-இல் கையாண்ட பேச்சு நடை. இவ்விரண்டிற்கும் இடையே, படித்தவரும் பாமரரும் சுவைக்கத்தக்க ஒரு நடையைப் பங்கிம் சந்திரர் வகுத்தார். 1872-இல் 'வங்கதரிசனம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கற்றவர் அனைவரும் ஆங்கிலத்திலேயே எழுதினால் அவர்களுக்கும் நாட்டு மக்களுக்கும் உறவே அற்றுப்போகும் என்று முதல் இதழிலேயே எடுத்துரைத்தார். அவ்விதழுக்காக மாதந்தோறும் ஆவலுடன் காத்திருந்ததைத் தாகூர் தம் இளமை நினைவுகளில் குறிப்பிட்டுள்ளார்.

நம் தமிழிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் நீதித்துறை உத்தியோகஸ்தரே, மாயவரத்து முன்சீப். ஆங்கிலேய அரசில் பணியாற்றிய இருவரும் தத்தம் மொழியில் நவீனத்திற்கு வழிவகுத்தது வியப்பன்றோ!

குறையையும் கூறுதல் முறை. 1882-இல் நூலாக வந்த 'ஆனந்தமடம்' முதலிய கதைகளில் இஸ்லாமியரைச் சித்திரித்த முறை கண்டனத்திற்கு உள்ளாயிற்று. கதையைச் சரித்திரமென்று கொள்வது தவறு. 'ராஜசிம்மன்' ஒன்றையே தாம் சரித்திர நவீனம் என்று கருதுவதாகவும், 'துர்கேசநந்தினி' போன்றவற்றை அவ்வாறு கொள்ளலாகாது என்றும் அவரே முன்னுரையில் எழுதினார். அந்த நேர்மை போற்றத்தக்கது. 1894 ஏப்ரல் 8-ஆம் நாள் இந்நகரில் அவர் காலமானார்.

இவற்றை ஏன் இன்று கூறுகின்றோம்? எங்கள் மூத்த மகன் பள்ளியில் வங்கமொழி பயில்கின்றான். சென்ற ஆண்டு 'துர்கேசநந்தினி'யைப் படித்துவிட்டு, "அப்பா, தமிழில் இப்படிக் கதை உண்டா?" என்று கேட்டான். எங்கள் பாட்டனார் வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்துக் கட்டிய 'பொன்னியின் செல்வ'னைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். அதுவும் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தனியே குதிரை ஏறி வரும் வீரனோடுதானே தொடங்குகின்றது! மகிழ்ச்சியோடு அவன் கையில் கொடுத்தோம். முதல் வரியையே அவனால் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலவில்லை. தலைகுனிந்தவன் அவன், குற்றம் எங்களுடையது.

வங்கம் கற்றது நன்றே, ஆங்கிலமும் வேண்டும். ஆயினும் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் புத்தகம் நம் பிள்ளைக்கே பூட்டிய புத்தகமாதல் தகுமா? ஆங்கிலத்தில் வல்ல பங்கிம் சந்திரர் தாய்மொழிக்குத் திரும்பியதால் ஒரு மொழியே தழைத்தது. நாம் செய்ய வேண்டுவது அத்துணைப் பெரிய காரியமன்று. ஆடி முதல் எங்கள் இல்லத்தில் இரவுச் சாப்பாட்டிற்குப் பின் நாளொன்றுக்கு ஒரு பக்கம் அவன் வாய்விட்டுப் படிக்கின்றான், நாங்கள் திருத்துகின்றோம். தவறிய நாள்களும் பல. இன்னும் ஐம்பது பக்கம் ஆகவில்லை. எனினும் வந்தியத்தேவன் அடுத்து என்ன ஆனான் என்று இப்போது அவனே கேட்கின்றான்.

காலனியில் ஒவ்வோர் இல்லத்திலும் இன்றிரவே ஒரு பக்கம் தொடங்குக என்று வேண்டுகின்றோம்.