கிடங்கும் குதிரும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



புகார்த் துறையில் குவிந்த பண்டங்களுக்குச் சோழரின் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அப்பாட்டைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியும், பழைய பண்டகசாலை ஒன்றினுள் நான் கால்வைத்ததில்லை. 2018ஆம் ஆண்டில் பாங்காக் சென்றபோதுதான் அவ்வாய்ப்புக் கிட்டியது.

சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், சீன மரபினரான வணிகர் ஒருவர் 1850இல் அமைத்த நீராவிக் கப்பல் துறை அது. 1919இல் வாங்லீ குடும்பத்தார் அதனை வாங்கி, அலுவலகமாகவும் விளைபொருட் கிடங்காகவும் பயன்படுத்தினர். நடுவே முற்றம், மூன்று புறமும் கட்டடம், கடல் தெய்வமாகிய மாசூவுக்கு ஒரு கோயில். கப்பலிலிருந்து கரையேறிய சீனர்கள் அங்கேதான் வழிபட்டனர். அக்குடும்பத்தாரே அதனைச் செப்பனிட்டு, 'லோங் 1919' என்னும் பெயரில் 2017 நவம்பரில் திறந்தனர். சுவர்ப் பூச்சை அகற்றியபோது அடியிலிருந்து பழைய ஓவியங்கள் வெளிப்பட்டனவாம். அவற்றின்முன் நெடுநேரம் நின்றேன்.

நின்றபோது என் நினைவுக்கு வந்தது இம்மலைதான்.

இங்கே பிறக்கும் சேயாற்றை மலைபடுகடாம் பாடுகிறது. அந்நூலை ஆய்வு செய்த நாளில் இம்மலையூர்களுக்கு வந்து, செடிகொடிகளின் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஒரு வீட்டில் மூங்கிலால் முடைந்து மண் பூசிய குதிர் ஒன்று இருந்தது. சாமையை அதில் கொட்டும்போது பாடும் பாட்டு ஒன்று உண்டு என்றார் அவ்வீட்டு மூதாட்டி. என் ஆய்வுக்கு அது வேண்டாததென எண்ணி எழுந்துவிட்டேன். "அடுத்த தபா வா கண்ணு, பாடிக் காட்டறேன்" என்றார். அடுத்த முறை சென்றபோது அவர் இல்லை, குதிரும் இல்லை. பாட்டு தெரிந்தவர் எவரும் அவ்வீட்டில் இல்லை.

அன்பர்களே, பூச்சுக்கு அடியில் ஓவியம் காத்திருக்கும். மனிதரோடு போன பாட்டு காத்திராது. நான் கண்ட அந்த ஆற்றங்கரைக் கூடமும் சில ஆண்டுகளில் நீண்டகாலக் குத்தகைக்குச் சென்றுவிட்டது. அவ்வடிவில் அது இன்றில்லை. செல்வமுடையோர் காத்ததற்கே அந்நிலை எனில், ஏழை வீட்டுக் குதிரை யார் காப்பது?

நாம்தான் காக்க வேண்டும். உங்கள் வீட்டு முதியோர் அருகில் ஏட்டோடு அமருங்கள். அவர்கள் சொல்வதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதே தீர்மானிக்காதீர்கள். அப்பிழையை நான் செய்துவிட்டேன். அடுத்த ஆண்டு மலர் என் போன்றோர் உரைகளைக் குறைத்து, அவர்கள் சொற்களைத் தாங்கி வரட்டும்.