நாலாவது பீப்

பீப்... பீப்... பீப்.

பயப்பட வேண்டாம், உங்கள் வானொலிப் பெட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் வாயால் போட்டேன். பிபிசியில் மணி காட்டும் ஒலி ஆறு, எங்கள் டப்பிங் அறையில் மூன்று. காதில் ஹெட்ஃபோன், எதிரே திரை. சீரான இடைவெளியில் மூன்று பீப் கேட்கும். நாலாவது கேட்காது. அது விழவேண்டிய இடத்தில் நடிகர் வாய் திறக்கவேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்த நாலாவதுக்காகக் காத்திருப்பார்கள். திரையில் இருக்கும் பிள்ளை வாயசைத்து முடித்துவிட்டுப் போய்விடும், இவர்கள் இன்னும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

லண்டன் சோஹோவில் இப்படியான அறைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். நடிகையாக அல்ல. ஜப்பானியக் கார்ட்டூன் படங்களுக்கு ஆங்கில வசனம் எழுதுகிறவளாக. உங்கள் பிள்ளைகள் 'அனிமே' என்று சொல்வது இதைத்தான். ஒப்பந்தம் தொடங்கி ஒளிபரப்பு வரை படிப்படியாகச் சொல்லுங்கள் அக்கா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தம்பி கேட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன். எனக்குப் பிடித்த இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலில் காசு விஷயம். ஒரு அனிமே தொடர் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. கதையை அச்சிட்ட பதிப்பகம், ஒளிபரப்பிய தொலைக்காட்சி, பாட்டை வெளியிட்ட நிறுவனம், பொம்மை விற்கிறவர்கள் என்று பலர் பங்கு போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைப்பார்கள். கோயில் திருவிழா உபயகாரர் மாதிரி என்று வையுங்கள். அவர்களிடம் நாங்கள் வாங்குவது படத்தை அல்ல. இன்ன நாட்டில், இத்தனை வருடத்துக்கு, இன்ன வழியில் காட்டலாம் என்ற உரிமையை. அதற்கு முதலே ஒரு தொகை கட்டவேண்டும். தமிழ் சினிமா விநியோகஸ்தர்கள் 'எம்.ஜி.' என்பார்களே, மினிமம் கேரண்டி, அதேதான். படம் ஓடினாலும் படுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. அதைத் தாண்டி விற்றால் ராயல்டி.

கூடவே, வசனம் இல்லாமல் இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள ஒலித்தடம் ஒன்று ஜப்பானிலிருந்து வரவேண்டும். வராவிட்டால் கதவு சாத்தும் சத்தம் முதல் மழை வரை எல்லாம் இங்கே புதிதாகச் செய்யவேண்டும். ஒருமுறை எங்களுக்கு வந்த தடத்தில் ஒரு காட்சிக்கு நாய் குரைப்பு இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளரே மைக்குக்கு முன் போய்க் குரைத்தார். நன்றாகத்தான் குரைத்தார்.

லண்டனில் இந்த வியாபாரம் சூடு பிடித்தது 1991இல். கட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா' படத்தை ஐ.சி.ஏ. கலைக்கூடத்தில் திரையிட்டார்கள். பிறகு வீடியோவாக விற்றார்கள். விற்றது யார் தெரியுமா? பொப் மார்லியின் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஐலண்ட் ரெக்கார்ட்ஸை நிறுவிய கிறிஸ் பிளாக்வெல்லின் குழுமம். அதிலிருந்து 'மங்கா வீடியோ' என்ற முத்திரை பிறந்தது. மங்கா என்றால் ஜப்பானில் படக்கதைப் புத்தகம். ஆனால் கசெட் உறையில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து, இந்த நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் ஜப்பானிய கார்ட்டூனையே மங்கா என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நகலெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி. 1995இல் வந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்துக்கு இந்த லண்டன் நிறுவனமே முதலும் போட்டது. அடுத்த வருடம் அதன் வீடியோ அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆங்கிலப் பதிப்பின் முடிவில் ஒலிக்கும் பாட்டு யூ டூ குழுவும் பிரையன் ஈனோவும் சேர்ந்து செய்தது. யூ டூவும் ஐலண்டின் குழுதானே, பாட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே விற்கும் வீடியோவுக்கு வயதுச் சான்றிதழ் வேண்டும். 15 அல்லது 18 என்ற முத்திரை இருந்தால் இளவட்டங்கள் விரும்பி வாங்கும். ஆகவே, ஜப்பானிய மூலத்தில் இல்லாத தூசணங்களை ஆங்கில வசனத்தில் ஏற்றினார்கள். 'சைபர் சிட்டி ஓய்டோ 808' இதற்குப் பேர்போனது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓரிடத்தில் நான் எழுதிக்கொடுத்த பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பக்கத்துக்கு நாலு கெட்ட வார்த்தை போதாதாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "பிள்ளை, அங்க என்ன வேலை செய்யிறாய்?" என்று கேட்டா. "மொழிபெயர்ப்பு அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சரி, இனி எனக்குப் பிடித்த இடம்.

நேயர்களே, கார் ஓட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 'அக்கா' என்று சொல்லுங்கள். உதடு ஒட்டவில்லை. 'அம்மா' என்று சொல்லுங்கள். ஒட்டியது. 'பாம்பு' சொல்லுங்கள், இரண்டு தரம் ஒட்டும். ப, ம இரண்டுக்கும் உதடு சேரவேண்டும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதிவைத்துவிட்டார். என்னுடைய தொழில் முழுக்க அந்த இயலில் அடங்கும். திரையில் உதடு மூடும் இடத்தில் ப-வோ ம-வோ விழவேண்டும், அவ்வளவுதான். அனிமேயில் இது கொஞ்சம் சுலபம். சாதாரண தொலைக்காட்சித் தொடரில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்று படங்கள்தான்: மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய். ஜப்பானிலேயே படம் வரைந்த பிறகுதான் பெரும்பாலும் குரல் கொடுக்கிறார்கள். ஆனால் முகம் திரை முழுக்க வந்து, கடைசிச் சொல்லில் வாய் மூடி நின்றுவிட்டால் தப்ப முடியாது.

பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மீது ஒரு நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் முழுப் பாட்டிலும் உதடு ஒட்டவே கூடாது. யோசித்துப் பாருங்கள், முருகனைப் பாடவேண்டும், 'முருகன்' என்று சொல்ல முடியாது. முதலெழுத்திலேயே உதடு மூடிவிடும். அந்த மனிதர் சோஹோவுக்கு வந்திருந்தால் எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஒருமுறை ஒரு கிழவியின் காட்சி. தொடரின் பெயர் வேண்டாம். ஊரை விட்டுப் போகிறாள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வசனம். எனக்கு வந்த சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பில் 'இனி நான் வரமாட்டேன்' என்று இருந்தது. படத்தில் கடைசியில் வாய் இறுக மூடுகிறது. மூன்று மணித்தியாலம் மண்டையை உடைத்தேன். கடைசியில் கிடைத்த சொல் 'ஹோம்'. இது என் வீடாக இருந்ததே இல்லை என்று அவள் சொல்வதாக எழுதினேன். ம்-மில் உதடு சேர்ந்தது. அன்று பின்னேரம் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம் வந்து இறங்கும்வரை அந்த வசனம் என் காதை விட்டுப் போகவில்லை.

உதட்டைவிடப் பெரிய தலையிடி வசனத்தின் சொல் ஒழுங்கு. ஒரு தங்கை தமையனிடம் சொல்கிறாள்: 'அண்ணா... அந்தக் கடிதத்தை... நான்... எரித்துவிட்டேன்.' ஜப்பானியத்திலும் இதே வரிசைதான். முதலில் அண்ணா, பிறகு கடிதம், வினைச்சொல் கடைசியில். ஓவியரும் அதற்கேற்பத்தான் வரைந்திருக்கிறார், 'எரித்தேன்' என்ற இடத்தில் தமையன் முகம் மாறும். ஆங்கிலத்தில் 'ஐ பர்ன்ட்' என்று தொடங்கினால் இரண்டாம் சொல்லிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தமையன் மட்டும் இரண்டு விநாடி மரம் மாதிரி நின்றுவிட்டுப் பிறகு அதிர்ச்சி அடைவான். 'நீ அனுப்பின கடிதம், அது இப்போது இல்லை' என்று ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டுபோய், எரித்ததைக் கடைசியில் வைத்தேன். அறையில் இருந்த ஆங்கிலேயர்கள் கெட்டிக்காரி என்றார்கள். எனக்குத்தான் தெரியும், நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினேன் என்று.

'அண்ணா' என்ற சொல்லும் அப்படித்தான். ஜப்பானியத் தங்கை 'ஓனீ-சான்' என்று கூப்பிடுகிறாள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் மடத்துத் துறவியைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிடவைத்தால் மரியாதை போச்சு. தமிழில் அண்ணா, முடிந்தது. ஜப்பானியமும் தமிழும் ஒரே உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னதும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவரோடு ஆராய்ந்ததும் பலருக்குத் தெரியும். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கச் சொல்லவில்லை. உறவு இல்லாவிட்டாலும் முகச்சாடை இருக்கிறது, அது என் சம்பளத்துக்கு உதவியது.

தம்பி கண்ணாடிக்கு அப்பால் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டேன். மைக்கேல் பேக்வெல். பிபிசியின் வானொலி நாடகக்காரர். 1981இல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை பிரையன் சிப்லியோடு சேர்ந்து வானொலி நாடகமாக எழுதியவர். தொண்ணூறுகளில் மங்கா வீடியோ படங்கள் பலவற்றுக்கு ஆங்கிலக் குரல் இயக்கியவரும் இவர்தான். டப்பிங் அதற்கும் முன்னாலேயே பிபிசிக்குப் பழக்கம்: ஜப்பானியத் தொலைக்காட்சி எடுத்த 'தி வாட்டர் மார்ஜின்' தொடரை பிபிசி 1976இலும், 'மங்கி' தொடரை 1979இலும் ஆங்கிலத்தில் போட்டது. அவை கார்ட்டூன் அல்ல, ஆட்கள் நடித்தவை. ஆங்கில வசனம் எழுதிய டேவிட் வியருக்கு ஜப்பானியம் தெரியாது. 'மங்கி'யில் பன்றிமுகப் பிக்ஸிக்குக் குரல் கொடுத்த பீட்டர் வுட்தோர்ப்தான் இரண்டு வருடம் கழித்து அந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வானொலி நாடகத்தில் கோல்லம் என்ற பாத்திரம் ஆனார். முகம் இல்லாமல் குரலால் மட்டுமே ஆளை உருவாக்கத் தெரிந்தவர்கள் வானொலிக்காரர்கள். இலங்கை வானொலியில் சானாவின் 'லண்டன் கந்தையா' நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கந்தையரின் முகத்தை நாங்கள் யார் பார்த்தோம்?

மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். 2021இல் சோனி நிறுவனம் 117.5 கோடி டாலருக்கு அனிமே இணையத் தளமான கிரஞ்சிரோலை வாங்கியது. அதே வருடம் 'மங்கா வீடியோ'வை நடத்திய லண்டனின் பழைய மங்கா என்டர்டெயின்மென்ட் பெயரும் மறைந்தது. சிறிய அறைகளில் செய்த வியாபாரம் இப்போது பெரிய கைகளுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு முழுச் சந்தோசம் இல்லை. ஆனால் அந்தப் பெரிய கைகள்தான் தமிழுக்கும் காசு போடுகின்றன. 'ஜுஜுட்சு கைசென்' தொடர் தமிழ் பேசுகிறது. 2025 செப்டெம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஓடியது. அதே வருடம் ஜனவரியில், யூகோ சாகோ, ராம் மோகன் முதலியோர் சேர்ந்து இயக்கிய 1993ஆம் ஆண்டு இராமாயண அனிமே தமிழ்க் குரலோடு மறுபடி வந்தது. இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போகும் பிள்ளைகள் இதையெல்லாம் தமிழில் கேட்டால் எவ்வளவு நல்லது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் மகனோ மகளோ அனிமே போட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள். மொழி மாற்றும் இடத்தில் தமிழ் இருந்தால், ஒரே ஒரு அத்தியாயம் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். உதடு ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து இந்த வானொலிக்கு எழுதிப் போடுங்கள். நான் வாசிக்கிறேன்.