கைவினைஞர்: தொழில்முனைவோரா, தொழிலாளியா?

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கு அமர்ந்திருக்கும் பலர் தில்லி ஹாட்டுக்குச் சென்றிருப்பீர்கள். பனாரஸ் பட்டு, மொரதாபாத் பித்தளை, பதோஹி கம்பளம், சன்னபட்டணா மரப்பொம்மை என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருள்கள் அங்கு அடுக்கப்பட்டிருக்கும். அண்மைக் காலமாக இத்தகைய பொருள்களோடு ஒரு சிறு அட்டையும் கட்டித் தொங்கவிடப்படுகிறது. பாட்டனார் கற்றுத் தந்த கலை, உள்ளத்தில் எழுந்த உந்துதல், தலைமுறைகளாகக் காத்துவரும் மரபு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். செய்தவரின் கூலி எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்காது.

அந்த அட்டை சொல்வது முழுப் பொய் என்று நான் கூறவில்லை. தன் கைத்திறன் மீது உழைப்பாளிக்கு இருக்கும் பெருமிதம் உண்மையானது. அதை ஏளனம் செய்வது நமது வேலையன்று. ஆனால் அந்தப் பெருமிதத்தைக் காட்டியே கூலியை மறைக்கிறார்கள். உழைப்பாளியைத் 'தொழில்முனைவோர்' என்று பெயர் மாற்றி, அவருக்குச் சேர வேண்டிய உரிமைகளைப் பறிக்கிறார்கள். இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தறி யாருடையது?

பனாரஸை எடுத்துக்கொள்வோம். கபீர் நெசவு செய்து வாழ்ந்த நகரம் அது. இன்றும் மதன்புரா, அலைபுரா, பஜர்டீஹா போன்ற பகுதிகளில் சந்துக்குள் சந்தாகத் தறிகள் இருக்கின்றன. நெசவாளர்களில் பெரும்பாலோர் அன்சாரி முஸ்லிம்கள். சுற்றுவட்டக் கிராமங்களில் தலித் நெசவாளர்களும் பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நெசவாளர்களும் உள்ளனர்.

ஒரு பட்டுச் சேலை உருவாகும் வழியைப் பாருங்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஒருவர் வரைபடம் போடுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர் ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார். சாயமிடுபவர் வேறு, பாவு ஓட்டுபவர் வேறு. வீட்டுப் பெண்கள் தார் சுற்றுகிறார்கள். நெய்து முடித்த சேலையின் பின்புறம் தொங்கும் இழைகளைக் கத்தரிக்கிறார்கள். குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் சாதாரண வேலைப்பாட்டுக்கு இரண்டு வாரம் செலவிடுகிறார். நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு மாதக்கணக்கில் செலவிடுகிறார்.

தறி அவருடைய வீட்டில் இருக்கிறது. பல நேரங்களில் அவருக்கே சொந்தமாகவும் இருக்கிறது. ஆகவே அவர் முதலாளியா? நூலையும் வடிவத்தையும் தருபவர் 'கிரஹஸ்தா' என்று அழைக்கப்படும் மாஸ்டர் வீவர். அவருக்கு மேலே 'கத்திதார்' எனப்படும் மொத்த வியாபாரி. சேலையின் விலையை நெசவாளி முடிவு செய்வதில்லை. என்ன நெய்வது, எத்தனை நெய்வது என்பதும் அவர் கையில் இல்லை. சேலையில் சிறு கறையோ இழைப் பிசகோ இருந்தால் கூலியில் வெட்டு விழும். கையில் பணம் தராமல், பின்தேதியிட்ட காசோலையைத் தரும் வழக்கமும் உண்டு. நாளை அரிசி வாங்க வேண்டியவர் அதை வேறொருவரிடம் கொடுத்து, கழிவு போக மீதியைப் பெற்றுக்கொள்கிறார். முன்பணம் வாங்கியிருந்தால், அது தீரும்வரை வேறு ஒருவருக்கு நெய்ய முடியாது.

உற்பத்திக் கருவி அவருடையதுதான். ஆனால் அந்தச் சொந்தம் அவருக்கு விடுதலை தரவில்லை, கூடுதல் சுமையைத்தான் தருகிறது. தறியைப் பழுது பார்க்கும் செலவு, வீட்டு வாடகை, விளக்கின் மின்கட்டணம் எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. ஆலை முதலாளி ஏற்க வேண்டிய செலவுகளை இங்கே தொழிலாளி ஏற்கிறார்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையன்று. வணிக மூலதனம் பழைய உற்பத்தி முறையைக் கலைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அதன் மீது ஆதிக்கம் செலுத்தும்போது, நேரடி உற்பத்தியாளர்களின் நிலை ஆலைத் தொழிலாளர்களின் நிலையைவிட மோசமாகிறது என்று 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். 1899இல் வெளிவந்த 'ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' நூலில் தோழர் லெனின் இதே கேள்வியைக் கையாண்டார். சுயேச்சையாகச் செய்து சந்தையில் விற்பவரையும், வியாபாரிக்காக வீட்டிலிருந்து கூலிக்குச் செய்பவரையும் 'குடிசைத் தொழில்' என்ற ஒரே சொல்லுக்குள் நரோத்னிக்குகள் அடக்கியதை அவர் கடுமையாக விமர்சித்தார். ஒரே சொல்லுக்குள் அடக்கினால் சுரண்டல் கண்ணில் படாமல் போய்விடும். இன்று ஒன்றிய அரசு 'கைவினைஞர்', 'தொழில்முனைவோர்' என்ற சொற்களைக் கொண்டு செய்வதும் இதுவே.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

1995-96 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் கைத்தறித் தொழிலாளர்கள் 65.5 லட்சம் பேர். 2009-10இல் 43.3 லட்சம். 2019-20இல் 35.2 லட்சம். கால் நூற்றாண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் கணக்கிலிருந்து மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது.

இந்த வீழ்ச்சி இயற்கையானதன்று. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கீடு செய்து 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. ஆலை முதலாளிகளும் விசைத்தறி அதிபர்களும் தொடுத்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்த பிறகும், 1996இல் அந்தப் பட்டியல் 11ஆகச் சுருக்கப்பட்டது. எஞ்சிய வகைகளிலும் சட்டம் ஒழுங்காக அமலாகவில்லை. பனாரஸ் சேலைக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் வடிவத்தைப் பார்த்து விசைத்தறியில் செய்த மலிவுச் சேலைகள் அதே பெயரில் சந்தையில் குவிகின்றன. குறியீடு பொருளின் பெயரைக் காக்கலாம். அதனால் மட்டும் நெசவாளியின் கூலி உயர்ந்துவிடாது.

1905இல் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் ஆகஸ்ட் 7ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாள் என்று மோடி அரசு கொண்டாடுகிறது. அதே அரசு 2017 ஜூலையில் ஜிஎஸ்டியைக் கொண்டுவந்து நூலுக்கும் துணிக்கும் வரி போட்டது. 2020 ஜூலையில், பொதுமுடக்கத்தால் தறிகள் நின்று நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்த நேரத்தில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. அடுத்த சில நாட்களில் கைவினை வாரியமும் கலைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த பதோஹியும் மொரதாபாத்தும் நேரடியாக அடி வாங்கின. வரிச்சுமை ஏற்றுமதியாளரிடம் நிற்பதில்லை. படி இறங்கி வந்து, முடிச்சுப் போடும் விரல்களின் கூலியில்தான் முடிகிறது.

விஸ்வகர்மா திட்டத்தின் உள்நோக்கம்

2023 செப்டம்பர் 17 அன்று பிரதமர் விஸ்வகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. மதிப்பீடு 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள். 5 சதவீத வட்டியில் இரண்டு தவணைகளாக மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், கருவி வாங்க 15,000 ரூபாய், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. இவற்றைப் பெறும் எளிய உழைப்பாளியை நாம் குறை கூறக் கூடாது. விண்ணப்பம் எழுதித் தருவதும் நமது வேலைதான். ஆனால் திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும்.

தச்சர், குயவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, செருப்புத் தைப்பவர் என்று செல்லும் இப்பட்டியல் குலத்தொழில் வரிசையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. குரு-சிஷ்ய மரபையும் குடும்ப வழித் தொழிலையும் போற்றுகிறது. குடும்பம் மரபாக அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்துத்தான், இத்திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்குத் தெரிவித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 18 தொழில்களின் பட்டியலில் கைத்தறி நெசவு இல்லை.

இதில் கடன் உண்டு, பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. குறைந்தபட்சக் கூலி கிடையாது. வியாபாரி தரும் விலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. சந்தையில் தோற்றால் கடன் உழைப்பாளியின் தலையில் நிற்கும். சாதியையும் கடனையும் ஒரே முடிச்சில் கட்டி அதற்கு மரபு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கண்ணூர் காட்டிய வழி

மாற்று உண்டா என்று தோழர்கள் கேட்பீர்கள். உண்டு. அதையும் கைத்தொழிலாளர்களே உருவாக்கிக் காட்டினார்கள்.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்ற சட்டம் அது. இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவை 1968இல் அதை அமல்படுத்த முனைந்தது. மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பீடி முதலாளிகள் வட கேரளத்தில் தங்கள் கூடங்களை மூடினார்கள். சுமார் 12,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். சட்டத்தைக் கைவிட்டால் வேலை தருகிறோம் என்பதே மூடலின் பொருள்.

தொழிலாளர்கள் பணியவில்லை. 1969 பிப்ரவரியில் கண்ணூரில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்குத்தொகை இருபது ரூபாய். அதைக் கட்டவும் பலரிடம் பணம் இல்லை. தொழிலாளி ஒரு ரூபாய் கட்டினார். மீதியை அரசு கடனாகத் தந்தது. மூவாயிரம் பேருடன் தொடங்கிய சங்கம் வளர்ந்து, உச்சத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தது. சட்டப்படியான கூலி, விடுமுறை, போனஸ் ஆகியவற்றைத் தந்தே அது சந்தையில் நின்றது. சட்டத்தை அமல்படுத்தினால் தொழில் அழியும் என்ற முதலாளிகளின் வாதத்துக்கு அதுவே விடையாயிற்று.

அதன் உந்துசக்தி எங்கிருந்து வந்தது? பீடிக் கூடங்களில் ஒரு தோழர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கைகளை நிறுத்தாமல் கேட்பார்கள். படிப்பவருக்குக் கூலி குறையாதபடி அவர் பங்குப் பீடிகளை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். அங்கே உலகச் செய்தி பேசப்பட்டது, அரசியல் விவாதிக்கப்பட்டது. அந்தக் கூடங்களில் வளர்ந்த சங்கம்தான் கூட்டுறவைத் தாங்கியது. அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டிய உந்துதல் கதை இது.

மிகைப்படுத்தவும் கூடாது. பீடி உடலுக்குக் கேடு, சுற்றுபவருக்கும் கேடு. அதன் சந்தை சுருங்கியது. தினேஷில் பீடி சுற்றுவோர் எண்ணிக்கையும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் மூலதனம் செய்வதுபோல் தொழிலாளர்களைக் கைவிட்டு அது ஓடவில்லை. உணவுப் பொருள், குடை, ஆடை என்று வேறு தொழில்களுக்கு மாறி, ஆள்களைக் காக்க முயன்றது. இதற்கு நேர்மாறாக, பனாரஸில் நெசவாளர் கூட்டுறவுகள் பல, மாஸ்டர் வீவர்களின் கைக்குள் போய்க் காகிதத்தில் மட்டும் வாழ்ந்தன. இரண்டுக்கும் பெயர் கூட்டுறவுதான். முன்னதன் அடியில் போராடிப் பழகிய சங்கம் இருந்தது. பின்னதில் அது இல்லை.

அந்த 1966 சட்டம் இன்று தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றுக்குள் அது கரைக்கப்பட்டுவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் உருவானது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை.

நமது குறையும் கடமையும்

ஒரு சுயவிமர்சனத்தையும் வைக்க வேண்டும். கைவினைஞரைக் 'குட்டி முதலாளி' என்று ஒதுக்கி வைக்கும் போக்கு நம்மிடமும் உண்டு. ஆலை வாயிலில் கொடி ஏற்றத் தெரிந்த நாம், சந்துக்குள் இருக்கும் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறோம். நாம் நுழையாத சந்துகளில் வட்டிக்காரரும் மதவெறி அமைப்புகளும் நுழைகிறார்கள். முஸ்லிம் நெசவாளியையும் தலித் நெசவாளியையும் ஒன்று சேர்க்கக்கூடியது கூலிக் கோரிக்கையே.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பொம்மை, பாய், பானை, தையல், எம்ப்ராய்டரி என எந்தக் கைவேலையில் ஈடுபடுவோரையும் சந்தித்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். மூலப்பொருளைத் தருபவர் யார்? செய்த பொருளை எடுத்துச் செல்பவர் யார்? விலையைத் தீர்மானிப்பவர் யார்? வீட்டில் கூலியின்றி உடன் வேலை செய்பவர் யார்? முதல் மூன்று கேள்விகளுக்கு ஒரே பெயர் விடையாக வந்தால், நீங்கள் ஒரு கூலித் தொழிலாளியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். நான்காவது கேள்விக்கு விடையாகப் பெரும்பாலும் ஒரு பெண் வருவார். அவரும் தொழிலாளியே, சங்க உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் தனியாக இடம்பெற வேண்டும்.

பொருள்வாரிக் குறைந்தபட்சக் கூலி, நியாய விலையில் நூலும் மூலப்பொருளும், கைத்தறிக்கு ஜிஎஸ்டி விலக்கு, 1985 சட்டத்தின் முழு அமலாக்கம், கலைக்கப்பட்ட வாரியங்களை மீட்டு அவற்றில் தொழிலாளர் பிரதிநிதித்துவம், வீட்டுவழித் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளை முன்வைத்து இயக்கம் நடத்த வேண்டும். கூட்டுறவு அமைக்கும் வாய்ப்புள்ள இடத்தில் முதலில் சங்கத்தைக் கட்டுவோம். அதன் மீது கூட்டுறவை எழுப்புவோம்.

அடுத்த முறை அழகான கைவினைப் பொருள் ஒன்றை வாங்கும்போது, செய்த கைகளைப் பாராட்டுங்கள், தோழர்களே. பாராட்டுடன் நின்றுவிடாதீர்கள். அந்தக் கைகளுக்குரியவரின் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நமது வேலை அங்கேதான் தொடங்குகிறது.