வலைத்தொழிற் பயிற்சி தமிழிற் பிறக்க வேண்டும்

(நாயுடுபுரத்தில் நடைபெற்ற தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தனித்தமிழ் பேசுவோர்க்குக் கணிப்பொறியிடத்து என்ன வேலை என்று வினவுவார் உளர். 1916-இல் மறைமலையடிகளார் தொடங்கிய இயக்கம் ஏட்டுத் தமிழைக் காப்பதோடு முடிந்துவிட்டது என்பது அவர்தம் எண்ணம் போலும். ஒரு மொழி ஏட்டில் மட்டும் தூய்மையாக இருந்து, தொழிலிலும் ஊதியத்திலும் இடமற்றுப் போகுமாயின், அம்மொழி பேசும் இனம் பிறர் ஏவலுக்குக் காத்திருக்கும் இனமாகவே நின்றுவிடும். ஆகவே, வலைத்தளம் அமைப்போரை உருவாக்கும் பயிற்சி எவ்வாறு மாற வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

பட்டம் பெற்றவனே மென்பொருள் எழுத வல்லவன் என்னும் மூடக்கருத்தை உடைத்துக் காட்டியது நம் மண்ணிலேயே தோன்றிய ஒரு நிறுவனம். 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009-இல் சோகோ எனப் பெயர் மாறிய நிறுவனம் அது. இருபதாண்டுகட்கு முன்னரே அந்நிறுவனம் தன் பயிற்சி முறையை அடியோடு மாற்றியது. கல்லூரி வாயிலில் ஆள் தேடுவதை மட்டும் நம்பியிராமல், பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயமும் முடித்த பிள்ளைகளைத் தானே அழைத்துக் கற்பித்தது. ஈராண்டுப் பயிற்சி, கட்டணம் இல்லை, மாறாக, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. கணக்கும் ஆங்கிலமும் நிரலெழுதுதலும் முதலிற் கற்று, பின்னர் உண்மையான பணியிலேயே அமர்ந்து பழகுகின்றனர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறை வரை அப்பயிற்சி சென்றுள்ளது. சிற்றூர்ப் பிள்ளையின் முன் நின்ற முதற்கதவு, பட்டம் என்னும் கதவு, இவ்வாறு திறக்கப்பட்டது. இதனை மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் இரண்டாம் கதவு ஒன்று உண்டு. இத்தொழிலுக்குரிய பாடநூல்களும் விளக்கங்களும் தேர்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. மன்னவனூரிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் தமிழ்வழியிற் பயின்று வரும் பிள்ளை, நிரலின் ஏரணம் புரியாமல் தோற்பதில்லை. அதனை விளக்கும் அயன்மொழி புரியாமல் தோற்கின்றது. தோற்றபின் "எனக்கு அறிவில்லை" என்று தன்னையே நொந்துகொள்கின்றது. அந்தோ! இதனினும் பெருங்கொடுமை பிறிதுண்டோ?

"நிரல்மொழியே ஆங்கிலச் சொற்களால் ஆனதாயிற்றே" என்பர். பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் முப்பத்தைந்தே. முப்பத்தைந்து சொற்களை மனத்திற்கொள்ள எத்தனை நாள் வேண்டும்? எஞ்சியவை எல்லாம் எண்ணம், வரிசை, நிறுத்தம், மீட்சி. இவற்றைத் தாய்மொழியிற் கற்றவனே விரைந்து கற்பான். மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்த வரலாறு நமக்குண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். உடற்கூற்று நூலையும் மகப்பேற்று நூலையும் தமிழாக்கி வைத்தார். அறுவை மருத்துவத்துக்கு இடந்தந்த மொழி வலைப்பக்கத்துக்கு இடந்தாராதா?

இன்னொன்றும் கூறுவேன். தமிழறியாப் பயிற்சியினால் தொழிலே பழுதுபடுகின்றது. இவை கணிப்பொறி கற்ற இளைஞரிடம் கேட்டறிந்தவை. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையும் கூறும். ஆனால் ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆதலால், எளிய நிரல் ஐந்து என்று எண்ணும். வலையிற் பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஆக, அம்மூன்றெழுத்துச் சொல் பதினைந்து பைட்டு கொள்ளும். ஆங்கில எழுத்தை மட்டும் நினைந்து இடம் ஒதுக்கிய படிவத்தில் நம் பெயர் பாதியில் வெட்டுண்டு போவது இதனாலேயே.

அகரவரிசையும் அவ்வாறே. நம் இலக்கண வரிசையில் வகரத்துக்குப் பின்னரே ழகரம்; ஆதலின் 'அவை' முன்னும் 'அழகு' பின்னுமாக நிற்கும். குறியீட்டு எண் வரிசையிலோ ழகரம் முந்திவிடும். 'அழகு' முன்னே வரும். தமிழ் வரிசைக்கான விதிகள் உலகப் பொது மென்பொருள் நூலகங்களிலேயே உள்ளன. அவற்றை அழைக்க வேண்டும் என்று நிரலெழுதுவோன் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பார் யார்?

குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தையும் பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழன் அங்கு எதனை எழுதுவான்? பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவிக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் என்று குறித்துவிடின், பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருள் தமிழை ஒழுங்காக ஒலிக்க இயலாது தடுமாறும். இவை யாவும் பயிற்சியின் குறைகள்.

எனவே, மென்பொருள் நிறுவனங்கள் தம் பயிற்சியை இவ்வாறு மாற்றி அமைக்க வேண்டும் என்கின்றேன்.

முதலாவது, முதல் மூன்று திங்கள் விளக்கமும் வினாவும் விடையும் தமிழிலேயே நடைபெறுக. மாணவன் தான் எழுதிய நிரலைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். எடுத்துரைக்க இயலாதது புரியாதது.

இரண்டாவது, எழுத்திலக்கணம் தொழிற்பாடமாகுக. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் கணிப்பொறியில் எவ்வாறு உறைகின்றன என்பதைத் தமிழாசிரியரும் நிரலாசிரியரும் ஒன்றாக நின்று கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலத்தை வெறுத்தொதுக்க வேண்டா. தொழில்நூல்களைப் படித்தறியும் கருவியாகக் கற்பிக்கட்டும். அது வாயிற்காவலனாக நிற்றல் ஆகாது.

நான்காவது, இறுதித் தேர்வாக ஒவ்வொரு மாணவனும் தன் ஊர்க்குப் பயன்படும் தமிழ் வலைத்தளம் ஒன்றை அமைக்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கொடைக்கானல் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனை விளைக்கும் உழவர் தமிழிற் படித்து, தமிழில் எழுதி, நேரே விற்கத்தக்க தளம் ஒன்றை இம்மலைப் பிள்ளையே கட்டட்டும். அதனினும் சிறந்த தேர்வு வேறெது?

பெற்றோர்களே! ஆங்கிலம் தெரியாததை அறியாமை என்று எண்ணி உங்கள் பிள்ளையைத் தாழ்த்தாதீர்கள். ஆசிரியத் தோழர்களே! கணிப்பொறி அறைக்குள் நாமும் நுழைவோம். இலக்கணம் அங்கும் தேவைப்படுகின்றது. தொழில் நடத்தும் தமிழர்களே! பட்டக் கதவைத் திறந்து காட்டியவர் உங்களுள்ளேயே உளர். மொழிக் கதவையும் திறவுங்கள். திறவாவிடில், திறக்கும்வரை தட்டுவதே நம் பணி.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் தொழில்!