எடை கூடினால் உயிர் என்னாகும்?

விதையை எவ்வாறு ஊன்றினும் வேர் கீழ்நோக்கியே இறங்குகிறது. கீழ்த்திசையை அதற்கு அறிவிப்பது எது? இங்கிலாந்தின் தாமஸ் ஆண்ட்ரூ நைட், நீரோட்டத்தால் விரைந்து சுழலும் சக்கரத்தில் அவரையின விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேர்கள் வெளிப்புறமாகவும், தண்டுகள் மையம் நோக்கியும் வளர்ந்தன. ஈர்ப்பையே உயிர் உணர்கிறது என்பதை 1806-இல் அவர் உலகிற்கு உரைத்தார்.

அவ்விசை மிகுந்தால்? 1954-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டியில் தாமே அமர்ந்து விரைந்தார். வண்டி சட்டென நிறுத்தப்பட்டபோது, புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவரைத் தாக்கியது. உயிர் தப்பினார், பார்வையோ சற்று நேரம் மறைந்தது.

ஆனால், 2011-இல் ஜப்பானிய அறிஞர் வெளியிட்ட ஆய்வில், சில பாக்டீரியாக்கள் 4 லட்சம் மடங்கிலும் பெருகின! நுண்ணுடலுள் பொருள்கள் பிரிந்து படிய இடமேது? விண்ணேற விழையும் மனிதன், தன் உடலின் எல்லையை முதலில் அறிதல் வேண்டும்.